கண் சேரவில்லை

என் முதுகலை ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் 22 பக்கங்கள். அந்த 22 பக்கங்களும் தவறு என்று நான் தெரிந்துகொள்ள ஒரு கூழாங்கல்லும், விரல் நீள மரத்துண்டு ஒன்றும், ஏறக்குறைய மூன்று நிமிடங்களும் போதுமானவையாக இருந்தன. அந்த மூன்று நிமிடங்களைப் பற்றி ஆய்வேட்டில் எழுத இடமில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் திருச்சியில் இயற்பியல் படித்தவள். எனக்கு மிருதங்கம் வாசிக்கத் தெரியாது. தம்பி ஏழு வருடம் கற்றுக்கொண்ட காலத்தில் அடுத்த அறையில் உட்கார்ந்து, அந்தச் சத்தத்தின் ஊடே தேர்வுக்குப் படித்த அனுபவம் மட்டுமே உண்டு. ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தபோது என் நெறியாளர், திருவானைக்காவலில் பிறந்த ஒருவர் மிருதங்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார், படித்துப் பார் என்றார். அந்த ஒருவர் சி. வி. ராமன் என்பதையும், ஒளிச்சிதறலுக்காக 1930இல் நோபல் பரிசு பெறுவதற்குப் பத்தாண்டுகள் முன்னரே அவர் தோற்கருவிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார் என்பதையும் அதுவரை நான் அறிந்திருக்கவில்லை. பள்ளிப் பாடநூலில் ராமன் என்றால் கடலின் நீலம்தான்.

அந்தக் கட்டுரையின் சிக்கலை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பின்னால் வருவதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. இழுத்துக் கட்டிய தந்தி ஒன்றை மீட்டினால் அதன் அடிப்படை அதிர்வெண்ணோடு கூட, அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேற்சுரங்களும் ஒலிக்கும். அவை முழு எண் மடங்குகளாக இருப்பதால்தான் வீணையின் ஒலி காதுக்கு ஒரே சுரமாகக் கேட்கிறது. வட்டமாக இழுத்துக் கட்டிய தோல் அப்படிப்பட்டதன்று. அதன் மேற்சுரங்கள் அடிப்படையின் 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு, 2.65 மடங்கு என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். சாதாரணப் பறையோ முரசோ எழுப்பும் ஒலியில் தாளம் கேட்கும், சுருதி கேட்காது என்பதற்கு இதுவே காரணம். ஆனால் மிருதங்கத்தைப் பாடகரின் சுருதிக்குச் சேர்க்கிறார்கள், சேரவும் சேர்கிறது. எப்படி?

விடை நடுவில் இருக்கும் கருப்பு வட்டத்தில், அதாவது கரணையில் இருக்கிறது. தோல் முழுவதும் ஒன்றாக மேலும் கீழும் ஆடுவதுதான் அடிப்படை அதிர்வு. அதில் மிக அதிகமாக ஆடுவது நடுப்பகுதி. அங்கே பாரத்தை ஏற்றினால் அடிப்படை அதிர்வு நன்றாக மெதுவாகிவிடும். ஆனால் தோலின் ஒரு பாதி மேலெழும்போது மறுபாதி கீழிறங்கும் அடுத்த வகை அதிர்வில் நடுப்பகுதி அநேகமாகச் சும்மா இருக்கிறது; ஆகவே அதைக் கரணையின் பாரம் அவ்வளவாகப் பாதிப்பதில்லை. கீழே இருப்பது இன்னும் கீழே போக, மேலே இருப்பது பெரும்பாலும் அதே இடத்தில் நிற்க, இடைவெளி விரிகிறது, 1.59 என்பது 2 ஆகிறது. கரணையின் அகலமும், நடுவில் தடித்து ஓரத்தில் மெலியும் அதன் வடிவமும் சரியாக அமைந்தால் அடுத்தடுத்தவையும் 3, 4, 5 என்று வந்து நிற்கின்றன. ராமனும் சிவகாளி குமாரும் 1920இல் நேச்சர் இதழில் இதை அறிவித்தார்கள். பின்னர் 1934இல், தாம் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதெமியின் ஆய்விதழில், முதல் தொகுதியிலேயே ராமன் இதை விரிவாக எழுதினார்: தோலின் ஒன்பது வகை அதிர்வுகள் ஒன்பது வெவ்வேறு சுரங்களாகச் சிதறாமல், ஐந்து சுரங்களுக்குள் கூட்டம் கூட்டமாக அடங்கிவிடுகின்றன. தோலின்மேல் மணலைத் தூவி, மணல் ஒதுங்கி நிற்கும் கோடுகளைக் கொண்டு எந்த அதிர்வு எது என்று அவர் அடையாளம் கண்டார்.

கணக்கு பின்னால் வந்தது. 1954இல் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் மன்மோகன் சோந்தியும் இரு வேறு அடர்த்திகள் கொண்ட ஒரே சவ்வாகத் தோலைக் கொண்டு கணித்தார்கள். 1982இல் தாமஸ் ராசிங்கும் வில்லியம் சைக்ஸும் கரணையை ஒவ்வொரு பூச்சாகப் போடப் போட அதிர்வெண்கள் எப்படி நகர்கின்றன என்று அளந்தார்கள். இவற்றையெல்லாம் படித்துவிட்டு, ஒரு மிருதங்கத்தை வாடகைக்கு எடுத்து, ஆய்வகத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கரணை உள்ள வலப்பக்கத் தலையான வலந்தலையை ஓர் இயந்திரச் சுத்தியால் தட்டிப் பதிவு செய்யத் தொடங்கினேன். ஒவ்வொரு முறையும் அதே விசை, அதே தூரத்தில் ஒலிவாங்கி, எல்லாவற்றுக்கும் மேலாகத் தோலின்மேல் அதே இடம். ஒழுங்காக ஆய்வு செய்பவள் என்ற பெருமை எனக்கு இருந்தது.

இரண்டாம் சுரம் இருக்க வேண்டிய இடத்தில் என் வரைபடம் ஒரு சிகரத்தைக் காட்டவில்லை. ஐந்து ஹெர்ட்ஸ் இடைவெளியில் இரண்டு சிகரங்களைக் காட்டியது. மறுபடி அளந்தேன், மறுபடியும் இரண்டு. எந்தக் கட்டுரையிலும் நான் பார்க்காத ஒன்று என் கையில் கிடைத்துவிட்டது என்று தோன்றியபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். வலந்தலையின் அதிர்வு, உடலுக்குள் அடைபட்ட காற்றின் வழியே இடப்பக்கத் தலையான தொப்பியின் அதிர்வோடு பிணைவதால் சிகரம் இரண்டாகப் பிளக்கிறது என்று ஒரு விளக்கத்தை உருவாக்கினேன். சமன்பாடுகளும் படங்களுமாக 22 பக்கங்கள் ஆயின. நெறியாளர் படித்துவிட்டு, சாத்தியம்தான் என்றார். அவர் சந்தேகத்தோடு சொன்னார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

தஞ்சாவூரில் மிருதங்கம் செய்யும் ஒருவரின் பட்டறைக்கு நான் போனது இந்த அத்தியாயத்துக்காக அன்று. கரணையின் பொருளைப் பற்றி ஒரு பகுதி எழுத வேண்டியிருந்தது. ஒருநாள் போய்ப் பார்த்துப் படம் எடுத்து வந்தால் போதும் என்று நினைத்தேன். போனது ஏழு தடவை. பட்டறை என்பது தெருவைப் பார்த்த ஒரே அறை. சுவரோரம் பலாமரக் கட்டைகள் தோல் இல்லாமல் வாய் திறந்து நிற்கும். தொட்டியில் தோல் ஊறும். அந்த வாடை முதல் அரைமணி நேரம் தொண்டையில் நிற்கும், பிறகு மறந்துபோகும். ஒரு மிருதங்கத்துக்குள் பசு, ஆடு, எருமை மூன்றும் இருக்கின்றன என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன். வலந்தலைக்கு முழு வட்டமாக ஒரு தோல், அதற்கு மேலே நடுவில் வட்டமாக வெட்டி எடுத்த வெட்டுத்தட்டு, இரண்டையும் விளிம்பில் பின்னிச் சேர்க்கும் மூட்டு, அந்த மூட்டின் 16 கண்களில் நுழைந்து இரண்டு தலைகளையும் இழுத்துக் கட்டும் எருமைத்தோல் வார்.

கரணை போடுவதைப் பார்க்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. பட்டறைக்காரர் ஒருவகைக் கருப்புக் கல்லின் பொடியைச் சோற்றோடு சேர்த்துப் பிசைந்து, மைபோல ஆனதும், பட்டாணி அளவு எடுத்துத் தோலின் நடுவில் வைத்து, கட்டைவிரலால் பரப்பி, வழவழப்பான கல்லால் தேய்க்கிறார். ஈரம் முழுவதும் போய்க் கல்லின் அடியில் 'கிறீச்' என்ற ஒலி எழும் வரைக்கும் தேய்த்துவிட்டு அடுத்த பூச்சு. சோறு சேர்வதால்தான் அதைச் 'சாதம்' என்றும் சொல்கிறார்கள். ஒவ்வொரு பூச்சும் முந்தியதைவிடக் கொஞ்சம் சிறிய வட்டம். அதனால்தான் நடு தடிக்கிறது, ஓரம் மெலிகிறது. காய்ந்து தேயும்போது கண்ணுக்கு எளிதில் தெரியாத விரிசல்கள் பரப்பெங்கும் ஓடுகின்றன. முதலில் அதை வேலையின் குறை என்று நினைத்துக் குறிப்பேட்டில் 'விரிசல்' என்று எழுதி அடிக்கோடிட்டேன். உண்மையில் அந்த விரிசல் இல்லாவிட்டால் கரணை ஒரு விறைத்த தட்டாகிவிடும். பாரம் இருக்க வேண்டும், விறைப்பு இருக்கக் கூடாது என்ற இரண்டு தேவைகளையும் ஒரே நேரத்தில் தீர்ப்பது அதுதான். கணக்கில் வெறும் 'அடர்த்தி' என்று ஓர் எழுத்தால் குறிக்கப்படுவது, இங்கே ஒரு மனிதரின் தோள்வலியாக இருந்தது.

நான்காவது முறை போனபோது, வாடகை மிருதங்கத்தையும் மடிக்கணினியையும் எடுத்துச் சென்றிருந்தேன். பட்டறைக்காரருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். நான் 'ஐயா' என்பேன், அவர் 'பாப்பா' என்பார். இவ்வளவு நாள் வருகிறாயே, என்னதான் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். சொல்லத் தொடங்கினேன். முதல் வாக்கியத்திலேயே 'பிணைந்த அலைவிகள்' என்று வந்தது. அவர் தலையாட்டவில்லை, மறுக்கவும் இல்லை. வாரை இழுத்துக்கொண்டே காத்திருந்தார். மறுபடியும் தொடங்கினேன், மறுபடியும் ஏதோ ஒரு சொல் குறுக்கே நின்றது. கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "ஐயா, இந்தப் பக்கம் தட்டினா ஒரு சுரம் வரணும். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு சுரம் வருது. அதனால சத்தம் ஏறி ஏறி இறங்குது" என்றேன்.

"எங்க, குடு."

மிருதங்கத்தை மடியில் சாய்த்து, ஒரு விரலால் விளிம்பைச் சுற்றிக்கொண்டே தட்டினார். ஒரு கண், அடுத்த கண், அதற்கடுத்தது என்று 16 கண்களுக்கும் நேரே தட்டி முடித்துவிட்டு, மறுபடி இரண்டு இடங்களில் மட்டும் தட்டிக் காட்டினார். அந்த இரண்டும் எதிரெதிரான கண்கள். "இது ரெண்டும் மேல நிக்குது பாரு. கண்ணு சேரல பாப்பா. வேற ஒண்ணும் இல்ல." மரத்துண்டை மூட்டின் அடிப்பக்கம் வைத்துக் கல்லால் இரண்டு தட்டு, எதிர்ப்பக்கம் இரண்டு தட்டு. மறுபடி சுற்றிலும் விரலால் கேட்டார். இன்னொரு தட்டு. திருப்பி என் கையில் கொடுத்தார். மடிக்கணினியில் பதிவு செய்து பார்த்தேன். இரண்டு சிகரங்கள் ஒன்றாகியிருந்தன.

அந்த இடத்திலேயே இயற்பியல் எனக்குப் புரிந்துவிட்டது. அதுதான் கூடுதல் வெட்கம். பாதி மேலெழப் பாதி கீழிறங்கும் அதிர்வு, வட்டத்தின் எந்த விட்டத்தை அச்சாகக் கொண்டும் நிகழலாம். தோலின் இழுவிசை எல்லாத் திசைகளிலும் சமமாக இருந்தால், ஒன்றுக்கொன்று குறுக்காக நிகழும் அத்தகைய இரண்டு அதிர்வுகளுக்கும் ஒரே அதிர்வெண்தான். ஒரு திசையில் இழுப்பு அதிகமாக இருந்தால் இரண்டும் பிரிந்துவிடும். தொப்பிக்கும் காற்றுக்கும் இதில் வேலையே இல்லை. இதை நான் ஏன் முன்பே காணவில்லை என்றால், நான் எப்போதும் ஒரே இடத்தில் தட்டினேன். அந்த இடம் தற்செயலாக இரண்டு அதிர்வுகளையும் சமமாக எழுப்பும் இடமாக இருந்தது. ஒழுங்கு என்று நான் பெருமைப்பட்ட அதே பழக்கம், விடையை என்னிடமிருந்து மறைத்துவைத்திருந்தது. மிருதங்கம் கற்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் 16 கண்களையும் தட்டிப் பார்க்க வேண்டும் என்று தெரியும். என் தம்பியிடம் கேட்டிருந்தால் அவனே சொல்லியிருப்பான். சொல்லிவிட்டுச் சிரித்தும் இருப்பான்.

துறைகளைக் கடந்து ஆய்வு செய்வதைப் பற்றிப் பேசுகிறவர்கள், ஒரு துறையின் கருவியை எடுத்து மற்றொரு துறையின் பொருளுக்குப் பயன்படுத்துவது என்ற பொருளிலேயே பெரும்பாலும் பேசுகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன்: கருவி என்னுடையது, பொருள் அவர்களுடையது. அவரிடமும் ஒரு முறை இருந்தது, அது என் முறையைவிட இந்தக் கேள்விக்குப் பொருத்தமானது என்பதை, என் கண்டுபிடிப்பைக் கலைச்சொல் இல்லாமல் சொல்ல வேண்டி வந்ததால்தான் அறிந்தேன். 'பிணைந்த அலைவிகள்' என்று சொல்லிக்கொண்டிருந்த வரையில் அவரால் என்னைத் திருத்த முடியவில்லை. என்னைத் திருத்தக்கூடியவருக்குப் புரியும்படி நான் சொன்ன முதல் வாக்கியத்துக்கே திருத்தம் வந்துவிட்டது.

நான்காம் அத்தியாயத்தை மறுபடி எழுத ஆறு வாரம் பிடித்தது. அதற்கிடையில், எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கும் என் சித்தி, பிள்ளைகளிடம் வந்து பேசு என்று கூப்பிட்டார். மிருதங்கத்தை நிமிர்த்தி வைத்து, வலந்தலையின்மேல் உலர்ந்த ரவையைத் தூவி, பக்கத்தில் ஒலிபெருக்கியை வைத்துச் செல்பேசியில் அதிர்வெண்ணை மெல்ல ஏற்றினேன். (தொப்பியின் நடுவிலும் ரவையைத்தான் குழைத்து அப்புவார்கள் என்பதால், ரவை செலவைப் பற்றி அம்மாவிடம் விளக்க எளிதாக இருந்தது.) சரியான இடம் வந்ததும் ரவை துள்ளித் துள்ளி ஒரே கோடாக ஒதுங்கியது. ஆடாமல் நிற்கும் அந்தக் கோட்டைப் பாடநூல் 'கணு' என்கிறது. கரும்பின் கணு, மூங்கிலின் கணு என்று தினமும் புழங்கும் சொல் அது. ஆங்கிலத்தில் படித்த எனக்கு அந்தச் சொல்லின் அழகு அன்றுவரை தெரியாது.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "மிஸ், அந்தக் கோட்டுல தோல் ஆடாதுன்னா, கோட்டு மேலயே தட்டினா சத்தமே வராதா?"

வரும், ஆனால் அந்தச் சத்தம் மட்டும் வராது, மற்றவை வரும் என்றேன். சொன்ன பிறகுதான், ஆறு வாரமாக நான் தேடிக்கொண்டிருந்த வாக்கியம் அது என்று தெரிந்தது. ஓர் அதிர்வின் கணுவில் தட்டினால் அந்த அதிர்வு எழாது. ஆகவே எங்கே தட்டுகிறோம் என்பது எதைக் கேட்கிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது. 16 கண்களையும் சுற்றித் தட்டுவது ஏன் என்பதற்கும், 'நம்' என்ற மிருதங்கச் சொல்லை வாசிக்கும்போது மோதிரவிரல் கரணையின் ஓரத்தில் மெல்லப் பதிந்திருக்க ஆள்காட்டிவிரல் விளிம்பில் விழுவது ஏன் என்பதற்கும் அதே வாக்கியம் விடையாகிறது: பதிந்திருக்கும் விரல், தோல் முழுவதும் ஆடும் அடிப்படை அதிர்வை அமர்த்திவிட்டு, தன்னைக் கணுவாகக் கொண்ட அதிர்வுகளைப் பேச விடுகிறது. திருத்திய நான்காம் அத்தியாயம் அந்தப் பையனுக்குச் சொன்ன பதிலில்தான் தொடங்குகிறது. அது 22 பக்கமாக இல்லை, 9 பக்கம்.

எல்லாமே இப்படி இனிதாக முடிந்தன என்று எண்ண வேண்டாம். தம்பியின் குரு என் அட்டவணையைப் பார்த்தார். மேற்சுர விகிதங்கள் 2, 3, 4 என்பவற்றுக்கு மிக நெருக்கமாக இருந்த ஒரு மிருதங்கத்தை வாசித்துப் பார்த்துவிட்டு, "சுருதி இருக்கு, நாதம் இல்லை" என்றார். நாதம் என்றால் என்ன என்று கேட்டேன். வாசித்துக் காட்டினார். ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதா, எப்படித் தேய்கிறது என்பதா, தொப்பியில் எழும் கும்கி என்ற ஆழ்ந்த ஒலி அதோடு கலக்கும் விதமா என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்க, ஒவ்வொன்றுக்கும் "அதுவும்தான்" என்றார். முழு எண்ணுக்கு எவ்வளவு நெருக்கம் என்பதையே நான் 'தரம்' என்று பெயரிட்டு அளந்திருந்தேன். அது தரத்தின் ஒரு கூறு மட்டும்தான். ஆய்வேட்டில் 'தரம்' என்று இருந்த இடங்களிலெல்லாம் அதை அடித்துவிட்டு 'சுருதிப் பொருத்தம்' என்று மாற்றினேன். நாதத்தை நான் அளக்கவில்லை என்றும் எழுதினேன்.

தமிழ்த்துறையில் ஓர் அம்மையார் வேறொரு கதவைத் திறந்தார். சங்கப் பாடல்களில் முழவைச் சொல்லும் இடத்தில் 'மண்ணமை முழவு' என்று வருகிறது, உரைகாரர்கள் அந்த மண்ணை 'மார்ச்சனை' என்று விளக்குகிறார்கள் என்று காட்டினார். தோலின்மேல் பூச்சிடும் பழக்கம் இந்த நிலத்தில் எவ்வளவு பழையது என்று கண்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சங்கத் தமிழர் மேற்சுரங்களைச் சீராக்கத் தெரிந்திருந்தார்கள் என்று முன்னுரையில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த அம்மையாரே அதைச் சிவப்பு மையால் அடித்தார். பூச்சு இருந்தது என்பதற்குத்தான் பாட்டு சான்று. பூச்சு என்ன செய்தது என்பதற்குப் பாட்டில் சான்று இல்லை, உன் துறையில் இப்படி ஒரு முடிவை ஏற்பார்களா என்று கேட்டார். ஏற்கமாட்டார்கள். அடுத்தவர் துறைக்குள் நுழையும்போது நம் துறையின் கண்டிப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போவது எவ்வளவு எளிது என்று அன்று கண்டேன்.

முன்னுரையில் இன்னொரு குறையும் இருந்தது. அதை யாரும் சுட்டிக்காட்டவில்லை, எழுதி முடித்துப் படித்தபோது நானே கண்டேன். ராமன் 1922இல் பண்டைய இந்துக்களின் ஒலியியல் அறிவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நானும் அதையொட்டி 'நம் முன்னோர்', 'தொன்மையான அறிவு' என்று எழுதியிருந்தேன். ஆனால் அந்த அறிவு இன்று யார் கையில் இருக்கிறது? தஞ்சாவூர்ப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக மிருதங்கம் செய்கிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவக் குடும்பத்தினர். பாலக்காடு மணி ஐயரின் பெயரை அறியாத கச்சேரி ரசிகர் இருக்கமாட்டார். அவருக்கு மிருதங்கம் செய்து தந்த தஞ்சாவூர் பர்லாந்துவின் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்? தோலைத் தொட்டு வேலை செய்கிறவரை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்தத் தோலிலிருந்து எழும் நாதத்தைத் தெய்வீகம் என்று கொண்டாடிய சமூகம் இது. 'முன்னோர்' என்ற சொல் அந்த விவகாரத்தை மிக வசதியாக மூடிவிடுகிறது. இயற்பியல் ஆய்வேட்டில் இதற்கென்ன இடம் என்று வகுப்புத் தோழி ஒருத்தி கேட்டாள். 16 கண்களைச் சுற்றித் தட்டும் முறையை நான்காம் அத்தியாயத்தில் என் அளவீட்டு முறையாக விவரித்திருந்தேன். அது யாரிடமிருந்து வந்தது என்று எழுத இடம் இருந்தால் இதற்கும் இடம் உண்டு என்றேன். நன்றியுரையில் அன்று, முறையை விளக்கும் பகுதியிலேயே எழுதினேன்.

எழுதியது ஒரு பத்திதான். அவர் பெயரைப் போடட்டுமா என்று கேட்கப் போனபோது, அவர் வேறொன்றைக் கேட்டார்: "கல்லு எங்கேருந்து வருது, சோறு எவ்வளவு, பொடி எவ்வளவுன்னு எழுதியிருக்கியா?" எழுதியிருந்தேன். ஓர் அட்டவணையே இருந்தது. அவர் பிசையும்போது பக்கத்தில் தராசை வைத்து நான் நிறுத்த எடைகள். "அத மட்டும் எடுத்துரு பாப்பா." ஏன் என்று அவர் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. பக்கத்துத் தெருவிலேயே இன்னும் இரண்டு பட்டறைகள் இருக்கின்றன.

எளிமையாகவும் வெளிப்படையாகவும் எழுத வேண்டும் என்று அதுவரை தீவிரமாக நம்பியிருந்த எனக்கு இது சங்கடமாக இருந்தது. அளவைச் சொல்லாவிட்டால் இன்னொருவர் என் சோதனையைத் திரும்பச் செய்ய முடியாது. திரும்பச் செய்ய முடியாதது அறிவியலா என்று வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் ஒருவர் கேட்கத்தான் செய்தார். நியாயமான கேள்வி. உலர்ந்த கரணையின் எடை, விட்டம், நடுவிலும் ஓரத்திலும் தடிமன் ஆகிய நான்கையும் கொடுத்திருக்கிறேன், அதிர்வைக் கணிக்க அவை போதும், செய்முறை வேண்டுமானால் செய்பவரிடம் போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று பதில் சொன்னேன். அவருக்கு முழுத் திருப்தி ஏற்படவில்லை. எனக்கும் அந்தப் பதிலில் முழுத் திருப்தி இல்லை. ஆனால் நான் வாங்கி வந்த ஒன்றை எங்கே வைக்க வேண்டும் என்று கொடுத்தவர் சொன்ன பிறகு, வேறு இடத்தில் வைப்பதற்கு எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. அட்டவணை இருந்த பக்கத்தில் இப்போது, செய்பவரின் விருப்பப்படி விகிதம் தரப்படவில்லை என்று ஒரு வரி இருக்கிறது. பெயரையும் போட வேண்டாம் என்றுவிட்டார். "போட்டா ஆளாளுக்கு வந்து தராசோட உக்காருவாங்க" என்றார்.

ஆய்வேடு ஆங்கிலத்தில் இருப்பதால், அவருக்கென்று தமிழில் நான்கு பக்கம் எழுதி எடுத்துப் போனேன். எந்த அதிர்வு எங்கே ஆடுகிறது என்று வட்டங்களாகப் படம் போட்டு, கண் சேராதபோது என் வரைபடம் எப்படி இருந்தது, சேர்ந்த பிறகு எப்படி ஆனது என்பதையும் ஒட்டியிருந்தேன். அவருக்குக் கண்ணாடி கைவசம் இல்லை. கல்லூரியிலிருந்து வந்திருந்த பேரன் வாசற்படியில் உட்கார்ந்து உரக்கப் படித்தான். அவர் கரணை தேய்த்துக்கொண்டே கேட்டார். முதல் பக்கத்தில் 'கரணை பூசுதல்' என்று எழுதியிருந்தேன். "பூசுறது சுவத்துக்கு. கரணை போடுறது" என்றார். பேரனிடமிருந்து பேனாவை வாங்கித் திருத்தினேன். மூன்றாம் பக்கத்தில், இரண்டு அதிர்வெண்கள் அருகருகே இருக்கும்போது ஒலி ஏறி இறங்குவதைப் பாடநூல் சொல்கிறபடி 'விம்மல்' என்று எழுதியிருந்தேன். தேய்க்கும் கல் நின்றது.

"விம்மலா? அழுவுறதா?"

"ஆமாங்கய்யா. புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பேரனை மேலே படிக்கச் சொன்னார்.